வானவில் ஹாதி

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் டென்னிஸ் ஆட்டக்காரர் ஒருவரின் வரலாறு எதற்கு என வினவுவோர் இருக்கக்கூடும். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாட, அதனைப் புறநானூற்றுள் வைத்துப் போற்றும் மரபினர் நாம். குதிரையேற்றத்தையும் அம்பெய்தலையும் ஊக்குவித்த, தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயமே ஓடிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிவந்தோர் நம்முள் பெரும்பாலோர். எனவே இவ்விரு வகையாலும் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆயினும் விளையாட்டென்றால் வீண்பொழுது எனக் கருதும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உளர். படிப்பில் தேறிய பிள்ளை மைதானத்தில் நிற்பதைக் கண்டால் முகம் சுளிக்கும் பெரியவர்களும் உளர். அவர்கள் முன் வைத்தற்குரிய ஒரு வாழ்க்கை, ஹைதராபாத்தில் பிறந்து அங்கேயே மறைந்த சையது முகம்மது ஹாதி அவர்களுடையது.

ஹாதி 1899ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தையார் கேப்டன் சையது முகம்மது குதிரையேற்றத்தில் தேர்ந்தவர். ஆனால் அக்கலையை மகனுக்குக் கற்பிக்க அவருக்கு ஆயுள் வாய்க்கவில்லை. குழந்தைக்கு இரண்டு வயதாகும்போதே அவர் காலமானார். தந்தையற்ற அப்பிள்ளையை நிஜாம் அரசின் உயர்குடியினரான பைகா குடும்பத்தார் ஏற்று வளர்த்தனர். முன்னாள் திவான் சர் ஆஸ்மான் ஜா அவர்களின் மாளிகையில், நவாப் முயீனுத்தவுலா அவர்களின் ஆதரவில் ஹாதி வளர்ந்தார்.

அநாதைகளை அரவணைப்பது பற்றி நம் மார்க்கம் வலியுறுத்துவதை மேடைதோறும் கேட்கிறோம். அதனை ஒரு குடும்பம் செயலாக்கியதன் பயனை இவ்வரலாற்றில் காண்கிறோம். உணவும் உடையும் தருவதோடு அக்குடும்பம் நிற்கவில்லை. குதிரை, பந்து, மட்டை, மைதானம் என அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தன யாவும் இப்பிள்ளைக்கும் இருந்தன. பிற்காலத்தில் இந்த நவாபின் பெயரிலேயே முயீனுத்தவுலா தங்கக் கோப்பை எனும் கிரிக்கெட் போட்டி 1930-31 பருவத்தில் தொடங்கப்பெற்றது. அவர் விளையாட்டின்மீது கொண்டிருந்த காதலுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஹாதி உயர்கல்வி பயின்றது நிஜாம் கல்லூரியில். 1887இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி ஹைதராபாத் நகரின் நடுவே நின்றதாயினும், 1947 வரை நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அவ்வகையில் ஹாதி அவர்களும் சென்னைப் பல்கலைக்கழகக் குடையின்கீழ்ப் பயின்ற மாணவரே எனச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையுண்டு.

அங்கிருந்து அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1284இல் நிறுவப்பெற்ற அது, அப்பல்கலைக்கழகக் கல்லூரிகளுள் மிகப் பழமையானது. ஆக்ஸ்போர்டுக்கு எதிராகப் பல்கலைக்கழகத்தின் சார்பில் களமிறங்குவோர்க்கு அங்கே நீலநிற மேலங்கி அணியும் உரிமை கிட்டும். 'புளூ' என வழங்கும் அச்சிறப்பை ஹாதி டென்னிஸ் ஆட்டத்தில் பெற்றார். ஹாக்கி, கால்பந்து, மேசைப்பந்து, சதுரங்கம் ஆகியவற்றிலும் பல்கலைக்கழகத்திற்காக ஆடினார். கிரிக்கெட்டையும் போலோவையும் கூட்டினால் ஏழாகும். ஏழு ஆட்டங்களில் தேர்ந்தவராதலின் அவருக்கு 'வானவில் ஹாதி' எனும் பட்டப்பெயர் நிலைத்தது. சதுரங்கப் பலகைமுன் அசையாது அமர்பவனும் குதிரைமேல் பறந்து போலோ ஆடுபவனும் ஒருவனே என்பது வியப்பிற்குரியது. ஒன்று மூளையின் பொறுமை. மற்றது உடலின் விரைவு. இரண்டும் ஓர் ஆளிடம் கூடிவருதல் அரிது.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான பாரிஸ் நிகழ்ச்சிக்கு வருவோம்.

1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு பாரிஸ் மாநகரில் நடைபெற்றது. இந்தியா அதற்கு முன் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு 1920இல் ஒரு சிறு குழுவை அனுப்பியிருந்தது. தொராப்ஜி டாட்டா அவர்களின் முயற்சியால் நிகழ்ந்தது அது. பாரிஸுக்குச் சென்ற குழுவின் மேலாளர் யாரென அறிந்தால் சென்னைவாசிகள் மகிழ்வர். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்த ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கரே அவர். இன்று நந்தனத்தில் அக்கல்லூரியைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் இதனை எண்ணியிருப்போம்!

அக்குழுவில் டென்னிஸ் அணியும் இடம்பெற்றது. அவ்வணியின் அமைப்பே ஒரு பாடம். பஞ்சாபில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரியும் ஆங்கிலேயருமான சிட்னி ஜேக்கப் ஒருவர். லாகூர் நகரின் வழக்கறிஞரும் அக்காலத்து இந்திய டென்னிஸில் முதல் வரிசையில் நின்றவருமான முகம்மது சலீம் மற்றொருவர். பம்பாயின் புகழ்பெற்ற பைஜி குடும்பத்து அத்தர் அலி, டொனால்ட் ரட்னம், நிஜாமின் குடிமகனாகிய ஹாதி ஆகியோர் பிறர். ஆடவரோடு நோரா பாலி எனும் பெண்மணியும் பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியாவின் பெயரில் களமிறங்கினார். இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக் களம் கண்ட முதற்பெண்டிர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அவர். ஆள்வோரும் ஆளப்படுவோரும், பிரிட்டிஷ் இந்தியரும் சமஸ்தானத்தாரும், முஸ்லிமும் கிறித்தவரும் ஒரே பெயரின்கீழ் நின்ற அவ்வணியில், இந்தியா என்ற சொல் அரசியல் வரைபடத்தில் பெறாத பொருளை விளையாட்டுக் களத்தில் பெற்றிருந்தது. ஹைதராபாத் அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியே அன்று என்பதையும் நினைவிற்கொள்க. தம் மன்னரின் நாட்டைத் தாண்டிய ஒரு நாட்டிற்காக ஹாதி ஆடினார்.

இவ்வணி அறிமுகமற்ற அணியன்று. மூன்றாண்டுகட்கு முன், 1921இல், டேவிஸ் கோப்பைப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்ட இந்தியா, பாரிஸ் நகரிலேயே பிரான்சை வென்று, பின்னர் அமெரிக்காவின் சிகாகோவில் ஜப்பானிடம் தோற்றது. சலீமும் ஜேக்கப்பும் அவ்வெற்றியில் பங்குகொண்டோர். ஆகவே பிரெஞ்சு மக்கள் இந்தியரைக் குறைவாக எடைபோட்டிருக்க முடியாது. ஹாதியும் 1924, 1925 ஆகிய இரு ஆண்டுகளிலும் டேவிஸ் கோப்பைக்கு இந்தியாவின் சார்பில் ஆடியவர். விம்பிள்டன் புல்தரையிலும் அவர் பலமுறை ஆடியிருக்கிறார்.

ஜூலைத் திங்களில் கொலோம்ப் என்னும் புறநகரில் டென்னிஸ் ஆட்டங்கள் தொடங்கின. ஏற்பாடுகள் சிறப்பாக இல்லை. உடைமாற்றும் அறைகள் போதாமையும், ஆடுகளங்களைச் சுற்றிலும் நிலவிய குழப்பமும் பற்றி ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகக் குறை கூறினர். இவற்றிடையே இந்தியருள் மிகத் தொலைவு சென்றவர் ஜேக்கப். ஒற்றையர் பிரிவில் கால் இறுதிவரை அவர் முன்னேறினார். அங்கே அவர் எதிர்கொண்டது ழான் பொரோத்ராவை. சில நாட்களுக்கு முன்புதான் விம்பிள்டன் பட்டத்தை வென்று தாய்நாடு திரும்பிய பிரெஞ்சு வீரர் அவர். பொரோத்ராவுக்கு வயது 25. ஜேக்கப்போ நாற்பதைத் தாண்டி நான்கு ஆண்டுகள் ஆனவர். சொந்த நாட்டு மக்கள் சூழ ஆடிய அவ்விளைஞரிடம் ஜேக்கப் தோற்றார். நாற்பத்து நான்கு வயதில் அரசு அலுவலர் ஒருவர் உலகப்போட்டியின் கால் இறுதிக்குச் செல்வதை இன்று நம்மால் கற்பனை செய்தும் பார்க்க இயலாது. ஐம்பதடி நடந்தாலே மூச்சிரைக்கும் நம் அலுவலர்கள் சிலரைப் பார்க்கையில், ஜேக்கப்பின் தோல்வி நமக்கு வெற்றியினும் பெரிதாகத் தோன்றுகிறது.

ஹாதி இரட்டையர் பிரிவில் டொனால்ட் ரட்னத்துடன் இணைந்து ஆடினார். அவ்விணை அரையிறுதியை எட்டவில்லை. தங்கப்பதக்கம் அமெரிக்கர்களான வின்சென்ட் ரிச்சர்ட்ஸ், பிராங்க் ஹண்டர் இணைக்குச் சென்றது. பிரான்சின் கோஷே, புருன்யோன் இணை இரண்டாமிடம் பெற்றது. ஒற்றையரிலும் ரிச்சர்ட்ஸே முதல்வர். பெண்களுள் அமெரிக்காவின் ஹெலன் வில்ஸ் வென்றார். இந்திய டென்னிஸ் அணி பதக்கம் ஏதுமின்றித் திரும்பியது. முடிவுகளின் பட்டியலில் தேடினால் ஹாதி என்னும் பெயர் தோற்றவர் நிரலில் ஒரு வரியாக மட்டுமே கிடைக்கும்.

அத்தோல்வியைத் திருத்திக்கொள்ள அடுத்த ஒலிம்பிக்கில் வாய்ப்பிருந்திருக்கலாம் எனத் தோன்றும். ஆனால் அவ்வாய்ப்பே அவர்கட்கு வழங்கப்படவில்லை. ஊதியம் பெறாது ஆடும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர் என்பவர் யார் என்பதிலும், நிருவாகம் யார் கையில் என்பதிலும் ஒலிம்பிக் குழுவிற்கும் டென்னிஸ் சம்மேளனத்திற்கும் பூசல் மூண்டது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரான பில் டில்டன், செய்தித்தாள்களுக்குக் கட்டுரை எழுதிப் பொருளீட்டியமை குறித்துத் தம் நாட்டுச் சங்கத்தோடு மோதி, பாரிஸுக்கே வரவில்லை என்பதை இங்கு நினைவுகூரலாம். பாரிஸுக்குப் பின் டென்னிஸ் ஒலிம்பிக்கிலிருந்தே நீங்கிற்று. காட்சி ஆட்டமாக ஓரிரு முறை தலைகாட்டியதன்றி, பதக்கத்திற்குரிய ஆட்டமாக அது மீண்டது 1988இல் சியோல் நகரில்தான். அங்கே இந்தியாவின் சார்பில் இரட்டையர் ஆட்டத்தில் இறங்கியோர் சென்னையின் அமிர்தராஜ் உடன்பிறப்புகளான விஜயும் ஆனந்தும். இந்தியா தன் முதல் டென்னிஸ் பதக்கத்தைப் பெற்றது 1996இல், அட்லாண்டாவில், லியாண்டர் பயஸ் வென்ற வெண்கலம். பாரிஸ் அணி புறப்பட்டுச் சென்று எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

பாரிஸோடு ஹாதியின் கதை முடிந்துவிடவில்லை. தாயகம் மீண்ட அவர் கிரிக்கெட்டில் நிலைத்தார். 1922-23 முதல் 1940-41 வரை முதல்தர ஆட்டங்களில் அவர் பெயர் காணப்படுகிறது. இந்திய மாநில அணிகளுக்கிடையேயான போட்டி 1934-35 பருவத்தில் தொடங்கியது. பின்னர் ரஞ்சிக் கோப்பை எனப் பெயர் பெற்றதும் இதுவே. அப்போட்டியின் முதல் ஆட்டம் சென்னை சேப்பாக்கத்தில் 1934 நவம்பர் 4ஆம் நாள் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து ஒரே நாளில் முடிந்தது. முதற்பந்தை வீசியவர் சென்னையின் எம்.ஜே. கோபாலன். அப்போட்டியின் முதற்சதத்தை அடித்தவரோ நம் ஹாதி. அதே பருவத்தில் சென்னை அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்கள் எடுத்தார். வயது அப்போது முப்பத்தைந்து. இன்று வரை ரஞ்சிக் கோப்பையில் எண்ணிறந்த சதங்கள் அடிக்கப்பட்டுவிட்டன. அவை அனைத்திற்கும் தலைப்பேறு அந்த 132. அது நம் அணிக்கு எதிராக அடிக்கப்பட்டது என்பதில் சற்று வருத்தம் உண்டாயினும், பெருமையில் நமக்கும் ஒரு பங்குண்டு எனத் தேற்றிக்கொள்ளலாம்.

1936இல் இந்தியக் கிரிக்கெட் அணி விஜயநகரம் மகாராஜகுமாரின் தலைமையில் இங்கிலாந்து சென்றபோது, மேலாளர் பிரிட்டன் ஜோன்ஸுக்கு அடுத்தபடியாக நிருவாகப் பொறுப்பேற்று ஹாதியும் உடன் சென்றார். லாலா அமர்நாத் இடையிலேயே திருப்பி அனுப்பப்பட்ட, கசப்புகள் நிறைந்த பயணம் அது. மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் சேர்ந்து குவித்த 203 ஓட்டங்கள் மட்டுமே அதில் இனிப்பு.

அக்கப்பலில் கோபாலனும் இருந்தார். அவர் கதை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கோபாலன் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் ஒருங்கே தேர்ந்தவர். அதே 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்கு ஹாக்கி அணி புறப்படவிருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயத்தில் அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிட்டவில்லை. பெர்லின் சென்ற ஹாக்கி அணியோ தங்கத்துடன் திரும்பியது. ஏழு ஆட்டங்களை ஆடிய ஹாதியும், இரண்டில் ஒன்றை இழந்த கோபாலனும் ஒரே பயணத்தில் இடம்பெற்றமை காலம் செய்த விந்தை. ஒருவர் பல ஆட்டங்களில் சிறக்கலாம் என்றிருந்த காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது எனக் கருதுகிறோம்.

இவ்விடத்தில் நேர்மையாக ஒரு வினாவை எழுப்பியே தீரவேண்டும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் முதுமொழி. ஹாதி ஏழு மரம் கண்டவர். டென்னிஸில் உலகப் பட்டம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. கிரிக்கெட்டில் அதிகாரப்பூர்வமான டெஸ்ட் ஆட்டம் ஒன்றும் அவர் ஆடவில்லை. ஒன்றையே பற்றி நின்றிருந்தால் உயர்ந்திருப்பாரா? உயர்ந்திருக்கலாம். டென்னிஸ் மட்டுமே என நின்றிருந்தால் கால் இறுதியில் ஜேக்கப் நின்ற இடத்தில் ஹாதி நின்றிருக்கவும் கூடும். இதனை மறைத்து அவரைப் புகழ்வது வரலாறு ஆகாது. இன்னொன்றையும் மறைக்கலாகாது. அவருக்குக் கிடைத்த வாய்ப்பு அன்றைய ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்ததன்று. நவாப் மாளிகையும் கேம்பிரிட்ஜ் புல்வெளியும் எல்லார்க்கும் திறந்த கதவுகள் அல்ல. போலோ ஆட முதலில் குதிரை வேண்டும்.

ஆயினும் அம்முதுமொழி தச்சனுக்குப் பொருந்தும் அளவிற்கு ஆசிரியனுக்குப் பொருந்தாது என்பது நம் துணிபு. ஹாதியின் பிற்கால வாழ்வு உடற்கல்வியின்பால் திரும்பியது. ஹைதராபாத்தில் உடற்கல்வித் துறைப் பொறுப்பேற்ற அவர், நாடு விடுதலை பெற்றபின் தில்லியில் கல்வி அமைச்சகத்திலும் அத்துறை சார்ந்த பணியாற்றினார். பள்ளிப்பிள்ளைக்கு எந்த ஆட்டம் பொருந்தும் என்பதை ஒரே ஆட்டத்தில் ஊறியவர் சொல்வதற்கும், ஏழு ஆட்டங்களின் வியர்வையையும் அறிந்தவர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. ஒல்லியான பிள்ளைக்கு ஒன்று, பருத்த பிள்ளைக்கு ஒன்று, ஓடமுடியாத பிள்ளைக்குச் சதுரங்கமேனும் ஒன்று எனப் பகுத்துப்பார்க்கும் கண் அத்தகையோர்க்கே வாய்க்கும். நவாப் ஒருவர் தந்தையற்ற ஒரு பிள்ளைக்குத் திறந்துவிட்ட மைதானத்தை, அரசு எல்லாப் பிள்ளைகட்கும் திறக்கவேண்டும் என்பதே உடற்கல்வித் துறையின் அடிப்படைக் கருத்து. அப்பணியில் அப்பிள்ளையே அமர்ந்தது பொருத்தமினும் பொருத்தம்.

ஹாதி என்னும் அரபுச் சொல்லுக்கு வழிகாட்டுபவர் என்பது பொருள். இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாகிய அதனைப் பெற்றோர் மகனுக்கு இட்டபோது மைதானத்தை எண்ணியிருக்கமாட்டார்கள்.

அவர் வாழ்நாளிலேயே அவரது உலகம் பலமுறை மாறிற்று. பாரிஸில் உடன் ஆடிய சலீமின் லாகூர் 1947இல் பாகிஸ்தானுக்குச் சென்றது. மறு ஆண்டு செப்டம்பரில் நிஜாமின் ஆட்சி முடிந்து ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பழைய சமஸ்தானமே மூன்று கூறாகப் பிரிந்தது. ஒரே அணியாகக் கொலோம்ப் களத்தில் நின்றோரின் ஊர்கள் வெவ்வேறு நாடுகளாயின. மாற்றங்கள் அனைத்தையும் கண்டும் ஹாதி தம் ஊரைத் துறக்கவில்லை. 1924இல் தாம் எந்தப் பெயரை மார்பில் தாங்கி ஆடினாரோ, அந்நாட்டின் பிள்ளைகளுக்காகவே பின்னர் உழைத்தார்.

சையது முகம்மது ஹாதி அவர்கள் 1971ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஹைதராபாத்தில் காலமானார். பாரிஸில் அவர் ஆடியதும் ஒரு ஜூலைத் திங்களில்தான். இடையே நாற்பத்தேழு ஆண்டுகள். அவர் கண்மூடியபோதும் டென்னிஸ் ஒலிம்பிக்கிற்குத் திரும்பியிருக்கவில்லை.